பழைய கிளெய்முக்குப் புதுச் சட்டமா? அமெரிக்க ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் ஆக்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக மெடிக்கல் பில்லிங், கோடிங் செய்கிறவர்களுக்குக் கம்ப்ளையன்ஸ் வகுப்பு எடுக்கிறேன். எந்த பேட்ச் வந்தாலும் கடைசியில் பேச்சு தேதியில் வந்து நிற்கும். சட்டம் எப்போது வந்தது, கிளெய்ம் (பணம் கேட்டு அனுப்பும் பில்) எப்போது போனது, கேஸ் எப்போது போட்டார்கள் என்ற மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு சிலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். சிலர் தேவையில்லாமல் தைரியமாக இருக்கிறார்கள். இரண்டுமே ஆபத்து என்பதால் கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். யாருக்காவது நிஜமாகவே பிரச்சினை வந்திருந்தால், அந்தந்த மாநிலத்து வக்கீலைப் பார்ப்பதுதான் வழி.

1. ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் ஆக்ட்னா என்ன? டிரெய்னிங்ல சொன்னாங்க, சரியா புரியல.

அமெரிக்க அரசிடம் பொய் சொல்லிப் பணம் வாங்குவதற்கும், கட்ட வேண்டிய பணத்தைப் பொய் சொல்லிக் கட்டாமல் விடுவதற்கும் எதிரான சிவில் சட்டம் இது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ராணுவத்துக்குச் சப்ளை செய்தவர்களின் ஏமாற்று வேலையைத் தடுக்க 1863-ல் லிங்கன் காலத்தில் வந்தது. இன்று அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களான மெடிக்கேர், மெடிக்கெய்ட் பில்கள்தான் இதில் பெரிய பங்கு. அதனால்தான் நமக்கு இந்தப் பாடம்.

அரசுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு, அதோடு ஒவ்வொரு பொய்க் கிளெய்முக்கும் தனி அபராதம் என்று கட்ட வேண்டி வரும். அரசே வழக்குப் போடலாம். விஷயம் தெரிந்த தனிமனிதர் அரசின் சார்பில் போட்டு, கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கு வாங்கவும் செய்யலாம். 'க்வி டாம்' வழக்கு என்பது இதுதான். தெரிந்தே செய்தால் மட்டும் அல்ல, உண்மையைத் தெரிந்துகொள்ளாமல் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டாலும், கொஞ்சமும் பொறுப்பில்லாமல் நடந்தாலும் 'தெரிந்து செய்தது' என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த விளக்கமும் மூன்று மடங்குக் கணக்கும் 1986 அக்டோபர் 27-ல் வந்த திருத்தத்தில் சேர்ந்தவை. அதற்கு முன் இரண்டு மடங்குதான்.

2. சட்டம் இன்னிக்கு மாறினா, நேத்து செஞ்சதுக்கும் அது பொருந்துமா?

பொதுவாகப் பொருந்தாது. 1994-ல் லேண்ட்கிராஃப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன வழிதான் இன்றும் நடைமுறை. முதலில், 'இது பழைய செயல்களுக்கும் செல்லும்' என்று நாடாளுமன்றம் வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதியிருந்தால், அரசியல் சாசனம் தடுக்காத வரை, அதுதான் முடிவு. எழுதவில்லை என்றால் அடுத்த கேள்வி: புதுச் சட்டம் அந்த ஆள் செயல்பட்டபோது இருந்த உரிமையைப் பறிக்கிறதா, பழைய செயலுக்கான பொறுப்பைக் கூட்டுகிறதா, முடிந்துபோன விவகாரத்தில் புதுக் கடமையைச் சுமத்துகிறதா? இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலும் பழையதற்குப் பொருத்தக் கூடாது.

கோடிங் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. 2015 அக்டோபர் 1-ல் ஐசிடி-9 என்ற நோய்க் கோடுப் பட்டியலுக்குப் பதிலாக ஐசிடி-10 வந்தது. செப்டம்பர் 30 அன்று பார்த்த நோயாளிக்கு, அக்டோபரில் உட்கார்ந்து கோட் போட்டாலும் ஐசிடி-9 தானே போட்டோம்? டேட் ஆஃப் சர்வீஸ் (சிகிச்சை தந்த நாள்) என்னவோ அந்தத் தேதியின் விதிதான். சட்டத்திலும் செயல் நடந்த தேதிதான் ஆரம்பப் புள்ளி. ஆனால் அங்கே விலக்குகள் நிறைய உண்டு, அவற்றைத்தான் கீழே பார்க்கப்போகிறோம். நீதிமன்ற நடைமுறை பற்றிய விதிகள் பெரும்பாலும் நிலுவையில் இருக்கும் வழக்குகளுக்கும் பொருந்திவிடும் என்பதையும் இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. முன்தேதியிட்டுச் சட்டம் போடக் கூடாதுன்னு அவங்க அரசியல் சாசனத்துலயே இருக்கே. அப்புறம் எதுக்கு இவ்வளவு குழப்பம்?

இருக்கிறது. முதல் பிரிவின் 9-வது பகுதி மத்திய நாடாளுமன்றத்தையும், 10-வது பகுதி மாநிலங்களையும் தடுக்கின்றன. ஆனால் 1798-லேயே கால்டர் எதிர் புல் வழக்கில், இந்தத் தடை குற்றவியல் சட்டங்களுக்கு மட்டும்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் ஆக்ட் சிவில் சட்டம். ஆகவே அந்தக் கதவு நேராகத் திறக்காது. சிவில் விஷயத்தில் 2-வது கேள்வியில் சொன்ன அனுமானம்தான் காப்பு. நாடாளுமன்றம் தெளிவாக எழுதினால் அந்தக் காப்பும் விலகும்.

4. மூணு மடங்கு கட்டு, கிளெய்முக்கு இவ்வளவுன்னு தனியா கட்டுன்னா அது தண்டனை இல்லாம வேற என்ன சார்?

நியாயமான கேள்வி. உச்ச நீதிமன்றமே இதில் ஒரே குரலில் பேசியதில்லை. 1989-ல் ஹால்பர் வழக்கு என்று ஒன்று. ஒரு மெடிக்கல் லேப் மேனேஜர், 3 டாலர் பெறும் வேலைக்கு 12 டாலர் என்று 65 மெடிக்கேர் கிளெய்ம்கள் போட்டார். அரசு கூடுதலாகக் கொடுத்தது மொத்தம் 585 டாலர். அவர் ஏற்கெனவே குற்ற வழக்கில் சிறைத்தண்டனையும் 5,000 டாலர் அபராதமும் பெற்றவர். அதன்மேல் இந்தச் சட்டப்படி கிளெய்முக்கு 2,000 வீதம் 1,30,000 டாலர் கட்ட வேண்டிய நிலை. நஷ்டத்துக்கும் அபராதத்துக்கும் சம்பந்தமே இல்லாத இந்த அளவு இரண்டாவது தண்டனை ஆகிவிடும் என்று நீதிமன்றம் சொன்னது. 1997-ல் ஹட்சன் வழக்கில் அந்த அணுகுமுறையையே கைவிட்டது. 2000-ல் மூன்று மடங்கு என்பது அடிப்படையில் தண்டிக்கும் தன்மை கொண்டது என்றது. 2003-ல் அதில் நஷ்ட ஈடும் கலந்திருக்கிறது என்றது.

முன்தேதியிடும் கேள்வியில் இது 2012-ல் நேராக மோதியது. 6-வது கேள்வியில் வரும் அல்லிசன் எஞ்சின் வழக்கு மறு விசாரணைக்குப் போனபோது, இது தண்டனைதான், முன்தேதியிட முடியாது என்று ஒஹாயோ மாவட்ட நீதிமன்றம் சொல்லியிருந்தது. மேலே இருந்த ஆறாவது சர்க்யூட் நீதிமன்றம் (சர்க்யூட் என்பது உச்ச நீதிமன்றத்துக்குக் கீழே உள்ள மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்) அதை மாற்றியது. நாடாளுமன்றம் இதைச் சிவில் சட்டமாகத்தான் உருவாக்கியது, அதைக் குற்றத் தண்டனை என்று சொல்லும் அளவுக்கு வலுவான காரணம் இல்லை என்பது அதன் முடிவு. கட்டுகிறவருக்கு எப்படி வலித்தாலும், சட்டத்தின் கண்ணில் இது சிவில் பொறுப்பு என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

5. ஏமாத்துறது அப்பவும் தப்பு, இப்பவும் தப்பு. அப்போ எந்தத் திருத்தமா இருந்தாலும் பழசுக்குப் பொருந்த வேண்டியதுதானே?

வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்தக் கேள்வியில்தான். இதே வாதத்தைக் கேட்டு, ஒருமனதாக நிராகரித்த தீர்ப்பு ஒன்று உண்டு: 1997-ன் ஹியூஸ் ஏர்கிராஃப்ட் வழக்கு.

பின்னணி இது. 1943-ல் வந்த திருத்தத்தின்படி, அரசுக்கு ஏற்கெனவே தெரிந்த தகவலை வைத்துத் தனிமனிதர் க்வி டாம் வழக்குப் போட முடியாது. 1986-ல் அந்தத் தடையை எடுத்துவிட்டு, பொதுவெளிக்கு வந்துவிட்ட தகவலுக்கு மட்டும் குறுகிய தடை வைத்தார்கள். ஹியூஸ் நிறுவனம் ராணுவ விமான ரேடார் வேலைகளின் செலவைக் கணக்கில் ஏற்றிய விதம்தான் பிரச்சினை. அது 1982-க்கும் 1984-க்கும் இடையில் நடந்தது. அரசின் தணிக்கையில் விவரம் தெரிந்திருந்தது. அங்கே வேலை பார்த்த ஒருவர் 1989-ல் வழக்குப் போட்டார். பழைய சட்டப்படி வழக்கே நிற்காது, புதுச் சட்டப்படி நிற்கும். 1986 திருத்தமோ முன்தேதி பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

வழக்குப் போட்டவர் தரப்பு சொன்னது நம் கேள்வியில் இருப்பதேதான்: பொய்க் கிளெய்ம் எப்போதும் தவறு, யார் வழக்குப் போடலாம் என்பதுதான் மாறியிருக்கிறது, அது வெறும் நடைமுறை. நீதிபதி தாமஸ் எழுதிய தீர்ப்பு இதை ஏற்கவில்லை. அரசு வழக்குப் போடுவதும், பங்கு கிடைக்கும் என்பதற்காகத் தனிமனிதர் போடுவதும் ஒன்றல்ல. அரசு பல காரணங்களுக்காக ஒரு வழக்கை விட்டுவிடலாம், மற்றவர் விடமாட்டார். முன்பு முழுமையான தற்காப்பாக இருந்த ஒன்றைப் பறிப்பது, புதிதாக ஒரு வழக்கு உரிமையை உருவாக்குவதற்குச் சமம். ஆகவே பழைய செயலுக்குச் செல்லாது. முடிவு சிலருக்குக் கசக்கும். ஆனாலும் அது சரியான தீர்ப்பு என்பது என் உறுதியான கருத்து. இன்றைய விதியை நேற்றைய ஆளின் மேல் சத்தமில்லாமல் போட முடியாது என்ற காப்பு, தப்புச் செய்தவருக்கு இல்லை என்று ஒருமுறை வைத்துவிட்டால் தப்புச் செய்யாதவருக்கும் மிஞ்சாது.

6. 2009-ல போட்ட சட்டம் 2008-லேருந்தே செல்லும்னு எப்படி எழுத முடியும்?

எழுத முடியும், எழுதினார்கள். அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல்களுக்கு ஜெனரேட்டர் செட் செய்துகொடுத்த துணை ஒப்பந்தக்காரர்கள் மீதான அல்லிசன் எஞ்சின் வழக்கில், 2008 ஜூன் 9-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைக் குறுக்கிப் படித்தது. பொய்யான ஆவணம் தயாரித்தவர், அரசே பணம் தர வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும் என்றது. இவர்களுக்குப் பணம் கொடுத்தது கப்பல் கட்டும் தளங்கள், அரசு நேரடியாக அல்ல. துணை ஒப்பந்தக்காரர்கள் தப்பிக்க வழி ஆகிவிட்டது என்று நாடாளுமன்றம் நினைத்தது.

2009 மே 20-ல் ஒபாமா கையெழுத்திட்ட மோசடித் தடுப்பு மற்றும் மீட்புச் சட்டம் அந்தப் பகுதியை மாற்றி எழுதியது. மற்ற மாற்றங்களில் பெரும்பாலானவை கையெழுத்தான நாளில் இருந்து நடக்கும் செயல்களுக்கு. இந்த ஒரு பகுதி மட்டும் 2008 ஜூன் 7-ல் இயற்றப்பட்டது போல அமலாகும், அன்றோ அதற்குப் பிறகோ நிலுவையில் உள்ள 'கிளெய்ம்கள்' எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று போட்டார்கள். ஜூன் 7 என்பது தீர்ப்புக்கு இரண்டு நாள் முன். தீர்ப்பே வராதது போல ஆக்குவதுதான் நோக்கம்.

7. அந்த 'நிலுவையில் உள்ள கிளெய்ம்'னா நாம அனுப்புற கிளெய்மா, கோர்ட்ல இருக்குற கேஸா?

இந்த ஒரு சொல்லால் நீதிமன்றங்களே இரண்டாகப் பிரிந்தன. இரண்டாவது, ஆறாவது, ஏழாவது சர்க்யூட்கள் கேஸ் என்றன. 'இந்தச் சட்டத்தின் கீழான கிளெய்ம்' என்று எழுதியிருப்பது வழக்கைத்தான் குறிக்கும், பணம் கேட்டு அனுப்பும் பில்லை யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பது அந்தப் பக்கத்து வாதம். ஐந்தாவது, ஒன்பதாவது, பதினொன்றாவது சர்க்யூட்கள் பணம் கேட்கும் கோரிக்கை என்றன. சட்டமே அந்தச் சொல்லுக்கு அப்படித்தான் விளக்கம் தருகிறது, அடுத்த வரியில் வழக்கைச் சொல்ல வேறு சொல் போட்டிருக்கிறார்கள் என்பது இந்தப் பக்கம்.

பலன் பெரிது. முதல் விளக்கப்படி, 2003-ல் பணம் வாங்கி முடித்த விவகாரமாக இருந்தாலும், 2008 ஜூன் 7-ல் வழக்கு நிலுவையில் இருந்தால் புதுச் சட்டம். இரண்டாவது விளக்கப்படி, அந்தத் தேதியில் பணம் கேட்கும் கோரிக்கையே நிலுவையில் இருந்திருக்க வேண்டும். ஒரே செயலுக்கு நியூயார்க்கில் ஒரு சட்டம், டெக்சாஸில் ஒரு சட்டம். முன்தேதியிட்டு எழுதுவது என்று முடிவு செய்தபின் இவ்வளவு அலட்சியமாக எழுதியது மன்னிக்க முடியாதது. பலருடைய பிழைப்பு அந்த ஒரு வரியில் தொங்கியது.

8. கிளெய்ம் அனுப்பினது 2015 மே மாசம், கேஸ் முடிஞ்சது 2024-ல. அபராதம் எந்த ரேட்?

பழைய ரேட். 2015 நவம்பர் 2 அல்லது அதற்கு முன் நடந்த மீறலுக்குக் கிளெய்முக்கு 5,500 முதல் 11,000 டாலர் வரை. அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திய தொகை. 2016 ஆகஸ்டில் அது 10,781 முதல் 21,563 ஆனது, 2024 பிப்ரவரி 12-க்குப் பிறகு அந்த வருடம் விதித்தவற்றுக்கு 13,946 முதல் 27,894.

இதில் ஒரு நுணுக்கம். நவம்பர் 2-க்குப் பிந்தைய கிளெய்ம் என்றால், அபராதம் விதிக்கப்படும் தேதியின் ரேட்தான். 2015 டிசம்பரில் அனுப்பிய கிளெய்முக்கு 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தால் 2024-ன் தொகை. மீறல் முந்தியதாக இருந்தாலும் உயர்வு பொருந்தும் என்று நாடாளுமன்றம் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. 2-வது கேள்வியின் முதல் படி இங்கே அப்படியே வேலை செய்கிறது.

9. பத்து வருஷத்துக்கு முந்தின பில்லை இப்ப தோண்டி எடுக்க முடியுமா?

மீறல் நடந்து ஆறு வருடம், அல்லது பொறுப்பான அரசு அதிகாரிக்கு விஷயம் தெரிந்து மூன்று வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வழக்குப் போடலாம். எப்படியும் பத்து வருடத்தைத் தாண்டக் கூடாது. இந்த மூன்று வருடக் கணக்கைத் தனிமனிதரும் பயன்படுத்தலாம், அரசு அந்த வழக்கில் சேராவிட்டாலும் சரி என்று 2019-ல் கோச்சீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. போர்க் காலத்தில் காலக்கெடுவை நிறுத்திவைக்கும் சட்டத்தைக் காட்டி நீட்டிக்கப் பார்த்தார்கள். அது குற்ற வழக்குக்கு மட்டும்தான் என்று 2015-ல் முடிவானது.

10. சுப்ரீம் கோர்ட் புதுசா ஒரு தீர்ப்பு சொன்னா, அதுவும் பழைய கிளெய்முக்கு வராதுதானே?

வரும். பலரும் தடுமாறுவது இங்கேதான். நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றினால் அது பொதுவாக முன்னோக்கிப் போகும். நீதிமன்றம் விளக்கம் சொன்னால், 'இந்தச் சட்டத்தின் பொருள் ஆரம்பத்தில் இருந்தே இதுதான்' என்று சொல்வதாகக் கணக்கு. ஆகவே நிலுவையில் உள்ள எல்லா வழக்குக்கும் பொருந்தும். 2016-ன் எஸ்கோபார் தீர்ப்பு அப்படித்தான். விதியை மீறியதை மறைத்துக் கிளெய்ம் போட்டால் அதுவே பொய்யாகலாம், ஆனால் அந்த மீறல் அரசு பணம் தரும் முடிவை நிஜமாகவே பாதிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்றது. 2010-ல் போன கிளெய்மையும் அந்த அளவுகோலில்தான் பார்ப்பார்கள்.

11. அப்போ சரின்னு நினைச்சுதான் கோட் போட்டோம். இப்ப கைட்லைன் மாறிடுச்சு. மாட்டுவோமா?

கைட்லைன் மாறியதால் மட்டும் யாரும் மாட்ட மாட்டார்கள். 2021 ஜனவரி 1-ல் ஆஃபீஸ் விசிட் ஈ அண்ட் எம் விதிகள் (டாக்டர் நோயாளியைப் பார்ப்பதற்குக் கோட் போடும் விதிகள்) மாறின. 2019 விசிட்டை 2021 விதியால் அளக்க முடியாது.

மனநிலை பற்றி 2023-ல் சூப்பர்வேல்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கிளெய்ம் அனுப்பியபோது அந்த ஆள் உண்மையில் என்ன நினைத்தார், என்ன நம்பினார் என்பதுதான் கேள்வி. பிற்பாடு வக்கீல் கண்டுபிடித்துத் தரும் 'இப்படியும் படிக்கலாமே' என்ற விளக்கம் உதவாது. இது இரண்டு பக்கமும் வெட்டும். நல்லெண்ணத்தோடு போட்டவருக்கு இது பாதுகாப்பு. தப்பு என்று தெரிந்தே போட்டவருக்கு, விதி குழப்பமாக இருந்தது என்பது தப்பிக்கும் வழி இல்லை. சந்தேகமான கோடுக்கு அன்றைக்கே சூப்பர்வைசருக்கு மெயில் போட்டு, பதிலைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அந்த மெயிலில் உள்ள தேதி உங்களுக்காகப் பேசும்.

12. பழைய கணக்கைப் பார்க்கும்போது மெடிக்கேர்ல அதிகமா வாங்கினது இப்பதான் தெரியுது. செஞ்சது பழசுதானே, விட்டுடலாமா?

கூடாது. கிளெய்ம் பழையதாக இருக்கலாம். தெரிந்தபின் பணத்தை வைத்துக்கொள்வது இன்று செய்யும் செயல். அதிகமாக வந்த பணத்தை வைத்துக்கொண்டால், அதுவும் அரசுக்குத் தர வேண்டிய பணம்தான் என்று 2009 திருத்தம் சேர்த்தது. கண்டறிந்த 60 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று 2010-ன் சுகாதாரச் சட்டம் சொன்னது. மெடிக்கேர் ஏ, பி பகுதிகளுக்கு (மருத்துவமனை, டாக்டர் செலவுக்கானவை) 2016-ல் வந்த விதிப்படி, பணம் வாங்கிய நாளில் இருந்து ஆறு வருடம் வரை பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 2025 ஜனவரி முதல், நல்லெண்ணத்தோடு விசாரித்துக்கொண்டிருந்தால் அந்தக் கெடுவை 180 நாள் வரை நிறுத்திவைக்க இடம் உண்டு. முன்தேதிப் பாதுகாப்பு என்று 5-வது கேள்வியில் சொன்னதை இங்கே யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

13. மாநிலச் சட்டமும் இதே மாதிரிதானா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க் ஒரு படி மேலே போனது. மத்தியச் சட்டம் வருமான வரியைத் தொடாது. நியூயார்க் 2010-ல் தன் சட்டத்தில் வரி விவகாரத்தையும் சேர்த்தது. ஸ்பிரின்ட் நிறுவனம் 2005-ல் இருந்து செல்போன் சேவைக்கான விற்பனை வரியைக் குறைத்துக் கட்டியதாக மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குத் தொடர்ந்தார். 2010-க்கு முந்தைய ஆண்டுகளுக்கும் அதைப் பொருத்தலாம், அது அரசியல் சாசனத்தின் முன்தேதித் தடையில் வராது என்று மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. 2018-ல் 33 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

14. நம்ம ஊர்லயும் இப்படித்தானா?

இந்திய அரசியல் சாசனத்தின் 20(1) பிரிவும் குற்றவியல் விஷயத்துக்குத்தான்: செய்தபோது குற்றமாக இல்லாததற்குத் தண்டிக்கக் கூடாது, அப்போதிருந்ததைவிடக் கூடுதல் தண்டனை தரக் கூடாது. சிவில் பொறுப்பை அது நேராகத் தடுக்காது. அந்த அளவில் 3-வது கேள்வியின் பதிலும் இதுவும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். தனிமனிதர் அரசின் சார்பில் வழக்குப் போட்டுப் பங்கு வாங்கும் இப்படியொரு பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை.

15. ஒரே ஏற்பாடு 2007-ல தொடங்கி 2017 வரைக்கும் ஓடிச்சுன்னா, எந்தச் சட்டம், எந்த ரேட்?

மொத்தத்துக்கும் ஒரே பதில் கிடையாது. சட்டம் ஒவ்வொரு கிளெய்மையும் தனித்தனியாகப் பார்க்கிறது. 2009 மே 20-க்கு முன் நடந்தவை பழைய வாசகத்தின் கீழ் வரும். பொய் ஆவணம் பற்றிய பகுதி மட்டும் 7-வது கேள்வியில் சொன்னபடி, எந்தச் சர்க்யூட் என்பதைப் பொறுத்தது. அபராத ரேட் 2015 நவம்பர் 2-ல் உடையும். காலக்கெடு ஒவ்வொரு கிளெய்முக்கும் தனியாக ஓடும் என்பதால், ஆரம்ப வருடங்கள் கழன்றுகொண்டு பிந்தைய வருடங்கள் மட்டும் நிற்கலாம்.

அதனால் இப்படி ஒரு விவகாரத்தில் வக்கீல் முதலில் கேட்பது ஒரு பட்டியல்தான்: கிளெய்ம் எண், டேட் ஆஃப் சர்வீஸ், அனுப்பிய நாள், பணம் வந்த நாள், தவறு என்று முதலில் யாருக்கு எப்போது தெரிந்தது. கடைசிக் கட்டத்தைத்தான் பெரும்பாலும் யாரும் குறித்துவைப்பதில்லை. 9, 11, 12 மூன்று கேள்விகளுக்குமே பதில் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.